பன்றிச் சிறுநீர்ப்பையிலிருந்து செல் வளர்க்கும் ஹைட்ரோஜெல்: திசு வாங்குவது முதல் கல்ச்சர் வரை முழுமையான வழிகாட்டி

முப்பரிமாண செல் கல்ச்சர் (ஜெல்லுக்குள் செல்களை எல்லாப் பக்கமும் வளரவிடுவது) என்றாலே பெரும்பாலான ஆய்வகங்களில் கை நேராக மேட்ரிஜெல் குப்பிக்குத்தான் போகிறது. எலியில் வளர்க்கப்படும் எங்கெல்பிரத்-ஹோம்-ஸ்வார்ம் என்னும் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள் அது. லேமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் அதில் மிகுதி. அவற்றோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் சிறு அளவில் கலந்திருக்கின்றன. அந்தக் கலவை லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும், மாறுகிறது. கட்டியிலிருந்து வந்தது என்பதால் நோயாளியின் உடலுக்குள் வைக்கவும் முடியாது. இதயச் செல்லையோ குடல் செல்லையோ வளர்க்க ஏன் எலியின் கட்டியைத் தேடிப் போக வேண்டும், அந்தந்த உறுப்பின் சட்டகத்தையே எடுத்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் திசுவழி ஹைட்ரோஜெல், அதாவது திசுவிலிருந்து செய்த, நீரைத் தாங்கி நிற்கும் ஜெல்.

ஒரு திசுவிலிருந்து செல்களை எல்லாம் நீக்கிவிட்டால் மிஞ்சுவது எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ், சுருக்கமாக ஈசிஎம். கொலாஜன், எலாஸ்டின், லேமினின், ஃபைப்ரோனெக்டின், கிளைக்கோசமினோகிளைக்கன்கள் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், அவற்றில் ஒட்டிய வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் சேர்ந்த வலை அது. அதை உலர்த்திப் பொடித்து, பெப்சின் என்னும் புரதம் செரிக்கும் நொதியால் கரைத்து, நடுநிலையாக்கி 37 டிகிரிக்குச் சூடேற்றினால் மறுபடி இழைகளாகக் கூடி ஜெல்லாக உறைகிறது. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாடிலாக் பன்றியின் சிறுகுடல் சவ்வை நாயின் மகாதமனியில் ஒட்டுக்குழாயாகப் பொருத்திய ஆய்வு 1989-ல் வெளியானது. அந்தச் சவ்வைக் கரைத்து ஜெல்லாக்கிச் செல் வளர்த்த ஷெர்ரி வாய்டிக்-ஹார்பினின் ஆய்வு 1998-ல் வந்தது. 2008-ல் பிட்ஸ்பர்க்கில் டொனால்ட் ஃப்ரெய்டஸும் பாடிலாக்கும் சிறுநீர்ப்பை ஜெல்லின் செய்முறையையும் அதன் இயக்க அளவீடுகளையும் வெளியிட்டார்கள். இன்று பல ஆய்வகங்கள் வெவ்வேறு உறுப்புகளுக்குப் பயன்படுத்துவது அந்தச் செய்முறையின் கிளைகளைத்தான். இந்த வழிகாட்டியும் சிறுநீர்ப்பையை வைத்தே நடக்கும். மற்ற உறுப்புகளில் எங்கே மாறுகிறது என்பதை ஆங்காங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் மிச்சச் செல்களைக் காட்டும் டிஎன்ஏ அளவை எவ்வளவு குறைத்தோம் என்பதையே வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் ஒரு நாள் டிடர்ஜென்ட், இன்னும் ஒரு கழுவல் என்று போய், கடைசியில் கையில் இருப்பது வெறும் கொலாஜன் நார். அதற்குக் கடையில் விற்கும் முதலாம் வகைக் கொலாஜனே போதும். கழுவிய பின் திசுவில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் இந்த ஜெல்லின் மதிப்பு இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

எந்த விலங்கு, எந்த உறுப்பு

உலகில் அதிகம் பயன்படுவது பன்றி. உறுப்புகள் மனித உறுப்பின் அளவுக்கு நெருக்கம், இறைச்சித் தொழிலின் துணைப்பொருளாக மலிவாகக் கிடைக்கும், ஒரே பண்ணையிலிருந்து ஒரே வயதில் தொடர்ந்து வாங்கலாம். நம்மூரில் ஆட்டு உறுப்புகள் கிடைப்பது எளிது. ஆய்வகக் கல்ச்சருக்கு மட்டும் என்றால் ஆடு தாராளமாகப் போதும். மருத்துவப் பயன்பாடு வரை போகும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்: ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகளில் பிரியான் நோய்கள் உண்டு என்பதால் விலங்கு எங்கே, எப்படி வளர்ந்தது என்பதற்கான சான்றுகளைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் துருவிக் கேட்கும்.

எந்த விலங்கானாலும் வயது, எடை, இனம், வாங்கிய தேதி நான்கையும் எழுதி வையுங்கள். வயதான விலங்கின் கொலாஜனில் குறுக்குப் பிணைப்புகள் அதிகம். பெப்சின் அதைக் கரைக்கத் திணறும். போன மாதம் 48 மணி நேரத்தில் கரைந்த பொடி இந்த மாதம் கரையாமல் நின்றால், காரணம் பெரும்பாலும் கசாப்புக்கூடத்தில்தான் இருக்கும்.

உறுப்பை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து அன்றே தொடங்குங்கள், அல்லது மைனஸ் 80 டிகிரியில் உறைய வையுங்கள். உறையவைத்து உருக்குவதால் கேடில்லை. பனிப்படிகங்கள் செல்சவ்வைக் கிழிப்பதால் அடுத்த படி எளிதாகவே ஆகும். இறைச்சிக்காக ஏற்கெனவே அறுத்த விலங்கின் உறுப்பு என்றாலும், உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

உரித்தல்

சிறுநீர்ப்பையின் சுவர் பல அடுக்கு. வெளியே மெல்லிய சவ்வும் தடித்த தசையும், உள்ளே சப்மியூகோசா என்னும் இணைப்புத் திசு, அதற்கும் உள்ளே அடித்தளச் சவ்வும் அதைத் தாங்கும் இணைப்புத் திசுவும், எல்லாவற்றுக்கும் உள்ளே சிறுநீரைத் தொடும் செல்படலம். நமக்கு வேண்டியது அடித்தளச் சவ்வும் அதைத் தாங்கும் மெல்லிய தாளும் மட்டும்.

பையை நீளவாக்கில் வெட்டி விரித்து, ஒரு மோல் உப்புக் கரைசலில் ஊறவிட்டால் உள்பக்கச் செல்படலம் தளர்ந்து கழன்றுவரும். பிறகு ட்ரேயில் உள்பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி, ஸ்கால்பெல்லின் கூரில்லாத முதுகால் தசையை ஒரே திசையில் சுரண்டிக்கொண்டே வாருங்கள். முதலில் சிவப்பும் கொழுப்பின் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக வரும். பிறகு வெண்மையான நார். கடைசியில் கைக்கு மேல் விரித்துப் பிடித்தால் விரல் ரேகை நிழலாகத் தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவும் தாள் மிஞ்சும். அங்கேயே நிறுத்துங்கள். பொத்தல் விழுந்தாலும் பரவாயில்லை, எப்படியும் பொடிக்கப் போகிறோம். ஆனால் தசை மிஞ்சினால் ரசாயனம் அதற்குள் சரியாகப் புகாது, டிஎன்ஏ தங்கிவிடும். கத்தியால் நீக்க முடிந்ததை ரசாயனத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. சிறுநீர்ப்பையும் சிறுகுடலும் தொடக்கநிலை மாணவர்களுக்கு ஏற்ற உறுப்புகள் என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான்: அங்கே பாதி வேலையைக் கத்தியே முடித்துவிடுகிறது.

செல் நீக்கம்

உரித்த தாளை 4 சதவீத எத்தனாலில் கலந்த 0.1 சதவீத பெர்அசிட்டிக் அமிலத்தில் போட்டு, ஷேக்கரில் 2 மணி நேரம் ஆட்டுங்கள். பிறகு பிபிஎஸ்ஸில் (பிஎச் நிலையான பாஸ்பேட் உப்புக் கரைசல்) 15 நிமிடம், அயனி நீக்கிய நீரில் 15 நிமிடமாக இரண்டு முறை, மறுபடி பிபிஎஸ்ஸில் 15 நிமிடம். அவ்வளவுதான். பெர்அசிட்டிக் அமிலம் கிருமியையும் கொல்லும், மிச்சமிருக்கும் செல்களையும் உடைக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி, தோலை அரிக்கும் திரவம். ஃப்யூம் ஹுட்டுக்கு வெளியே குப்பியைத் திறக்கவே வேண்டாம்.

இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்ற கனமான உறுப்புகளுக்கு இது போதாது, டிடர்ஜென்ட் வேண்டும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கேரன் கிறிஸ்ட்மன் குழு பன்றி இதயத்தின் இடது கீழறையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பிபிஎஸ்ஸில் கலந்த 1 சதவீத எஸ்டிஎஸ் என்னும் டிடர்ஜென்டில் நான்கைந்து நாள் கலக்குகிறது. துண்டுகள் ரத்தச் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, முழு வெள்ளையாக வெளுக்கும் வரை கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எஸ்டிஎஸ் வலுவானது, செல் கருவையும் கரைத்து வெளியே எடுத்துவிடும். அதே வலுவோடு கிளைக்கோசமினோகிளைக்கன்களையும் கொண்டுபோகும், கொலாஜனின் கட்டமைப்பையும் குலைக்கும். இன்னொரு தொல்லை, அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கழுவினாலும் எளிதில் போகாது. மிச்ச எஸ்டிஎஸ் பின்னால் உங்கள் செல்களின் சவ்வையே கரைத்துக் கொல்லும். டிடர்ஜென்டில் எத்தனை நாள் இருந்ததோ, அதே அக்கறையோடு தண்ணீரிலும் கழுவுங்கள். கழுவிய நீரைக் குலுக்கி நுரை வருகிறதா என்று பார்ப்பது முதல் சல்லடை. மெத்திலீன் ப்ளூ சாயத்தோடு எஸ்டிஎஸ் சேர்ந்து குளோரோஃபார்முக்குள் போகும் நீல நிறத்தை அளப்பதுதான் நம்பத்தக்க சோதனை.

ட்ரைட்டன் எக்ஸ்-100 என்னும் டிடர்ஜென்ட் மென்மையானது. மெல்லிய திசுவுக்கு ஏற்றது, தடித்த திசுவில் டிஎன்ஏவை விட்டுவிடும். சோடியம் டிஆக்சிகோலேட் நடுத்தரம். ஆனால் உடைந்த செல்லின் டிஎன்ஏ பசைபோல் திரண்டு திசுவில் ஒட்டும் என்பதால் பின்னாலேயே அதை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி தேவைப்படும். மூளை, கொழுப்பு, தோல் ஆகியவற்றில் கொழுப்பு நீக்கம் தனிப் படி. ஐசோபுரப்பனால் பல ஆய்வகங்களின் தேர்வு. மனித இதயத் திசுவிலும் கொழுப்பை நீக்காமல் விட்டால் ஜெல் சரியாகக் கூடுவதில்லை.

போதுமான அளவு நீங்கியதா

2011-ல் பீட்டர் கிராப்போ, தாமஸ் கில்பர்ட், பாடிலாக் மூவரும் முன்வைத்த அளவுகோலைத்தான் இன்று எல்லோரும் பின்பற்றுகிறோம்: உலர் எடையில் ஒரு மி.கி. ஈசிஎம்முக்கு இரட்டை இழை டிஎன்ஏ 50 நானோகிராமுக்குக் குறைவு. மிஞ்சிய துண்டுகள் 200 காரஇணைகளுக்கு உட்பட்ட நீளம். டாபி அல்லது எச் அண்ட் ஈ சாயத்தில் கரு எதுவும் கண்ணில் படக்கூடாது. மூன்றும் சேர்ந்தே தேர்ச்சி. புரோட்டினேஸ்-கே நொதி போட்டுக் கரைத்து பிகோகிரீன் என்னும் டிஎன்ஏ சாயத்தில் அளவு பாருங்கள், அகரோஸ் ஜெல்லில் நீளம் பாருங்கள், ஒரு துண்டை வெட்டிச் சாயமேற்றுங்கள்.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நான் இதே அளவு முக்கியமாகக் கருதுவது எதிர்ப்பக்கச் சோதனை. டிஎம்எம்பி சாயத்தால் சல்ஃபேட் ஏறிய கிளைக்கோசமினோகிளைக்கனையும், கொலாஜனில் மிகுந்த ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமினோ அமிலத்தை வைத்துக் கொலாஜனையும், செல் நீக்கும் முன்பும் பின்பும் அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உலர் எடையில் கொலாஜனின் பங்கு ஏறும். செல் போய்விட்டதால் அது இயல்பு. கிளைக்கோசமினோகிளைக்கன் கிட்டத்தட்டச் சுழியமாகிவிட்டிருந்தால் கழுவல் அளவுமீறிவிட்டது. டிஎன்ஏ 45 நானோகிராமில் நின்று கிளைக்கோசமினோகிளைக்கன் கணிசமாக மிஞ்சிய லாட்டையும், டிஎன்ஏ 5 நானோகிராமுக்கு இறங்கி மற்றதெல்லாம் போய்விட்ட லாட்டையும் என் முன் வைத்தால், நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

உலர்த்திப் பொடித்தல்

தாளை உறையவைத்து லையோபிலைசரில் (உறைநிலையில் உலர்த்தும் கருவி) இரண்டு மூன்று நாள் வையுங்கள். எடுத்தால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. மில்லில் 40 மெஷ் சல்லடை வழியாகப் பொடியுங்கள். அரைக்கும்போது சூடேறினால் கொலாஜன் குலைந்து ஜெலட்டினாகும். திரவ நைட்ரஜனோ உலர்பனியோ சேர்த்து அரைப்பது அதற்காகத்தான். பொடியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு மூடி மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் பல மாதம் தாங்கும்.

பெப்சின் செரிமானம்

0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மி.லி.க்கு 1 மி.கி. பெப்சின், அதில் மி.லி.க்கு 10 மி.கி. ஈசிஎம் பொடி. அறை வெப்பத்தில் 48 மணி நேரம் மேக்னடிக் ஸ்டர்ரரில் ஓயாமல் கலக்குங்கள்.

கொலாஜன் மூலக்கூறு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. அதன் இரு முனைகளிலும் முறுக்கில்லாத சிறு வால்கள் உண்டு. பக்கத்து மூலக்கூறுகளோடு குறுக்குப் பிணைப்பு அமைவது அந்த வால்களின் வழியாகத்தான். பெப்சின் வால்களை நறுக்கிவிடும், முறுக்கைத் தொடாது. கயிறுகள் விடுபட்டு அமிலத்தில் கரைகின்றன. பிறகு பிஎச்சும் உப்பும் சூடும் உடலின் அளவுக்கு வந்தால் அதே கயிறுகள் தாமாகவே அடுக்கி இழையாகின்றன. ஜெல் உறைவதன் ரகசியம் இவ்வளவுதான்.

முதல் சில மணி நேரம் கவனியுங்கள். பொடி திட்டுத் திட்டாக மிதக்கும். பிறகு நீரை இழுத்து ஊதும், கரைசல் கெட்டியாகி ஸ்டர்ரர் துண்டு சுற்ற முடியாமல் நின்றுவிடும். பெரிய ஸ்டர்ரர் துண்டாகப் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். குவளைச் சுவரில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளுங்கள். நுரை பொங்கும் வேகமும் வேண்டாம். 48 மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் துகள் எதுவுமின்றி, பிபெட் முனையிலிருந்து மெதுவாகச் சொட்டும் கலங்கலான திரவமாகியிருக்க வேண்டும். துகள் இருந்தால் இன்னும் சில மணி நேரம் விடலாம். ஆனால் நாள்கணக்கில் விட்டால் கொலாஜன் அல்லாத புரதங்களைப் பெப்சின் தின்றுகொண்டே போகும், ஜெல்லும் தளரும்.

அறை வெப்பம் என்று ஆய்வுத்தாள்களில் எழுதியிருப்பது 20 முதல் 25 டிகிரி. சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் இரவு ஏசியை அணைத்துவிட்டுப் போனால் ஆய்வக மேசை 32 டிகிரிக்கு மேல் நிற்கும். கொலாஜனின் முறுக்கு தளரும் வெப்பத்துக்கு அது நெருக்கமாகிவிடும். குவளையைக் குளிர்நீர்த் தொட்டியில் வையுங்கள், அல்லது ஏசி அணையாத அறையில் வேலையைத் தொடங்குங்கள். இன்னொன்று: புதன்கிழமை காலை தொடங்கினால் வெள்ளிக்கிழமை முடியும். வெள்ளிக்கிழமை தொடங்குபவர் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்.

நடுநிலையாக்கல்: கணக்கைக் கையில் எழுதுங்கள்

தோல்விகள் அதிகம் நடப்பது இங்கேதான். எல்லாக் கரைசல்களும் 4 டிகிரியில் இருக்கட்டும், வேலை முழுவதும் ஐஸ் மேல் நடக்கட்டும்.

விதி இது: செரித்த கரைசலின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, ஒன்பதில் ஒரு பங்கு பத்து மடங்கு பிபிஎஸ், மீதிக்கு ஒரு மடங்கு பிபிஎஸ். மி.லி.க்கு 6 மி.கி. செறிவில் 10 மி.லி. ஜெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மி.லி.க்கு 10 மி.கி. உள்ள கரைசலில் 6 மி.லி. எடுங்கள். அதற்கு 0.6 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு, 0.67 மி.லி. பத்து மடங்கு பிபிஎஸ், 2.73 மி.லி. ஒரு மடங்கு பிபிஎஸ். மொத்தம் 10.

இந்தக் கணக்கில் இரண்டு கண்ணிகள் உண்டு. இதய ஜெல் செய்முறையில் அமிலம் 0.1 மோலார் (இந்த அமிலத்துக்கு 0.1 நார்மலும் அதுவே); பத்து மடங்கு வலு. அதற்கு 0.1 நார்மல் காரத்தைப் பத்தில் ஒரு பங்கு ஊற்றினால் அமிலத்தில் பத்தில் ஒரு பங்குதான் அணையும். 1 நார்மல் காரம் வேண்டும். ஒரு ஆய்வுத்தாளிலிருந்து செரிமானத்தையும் இன்னொரு ஆய்வுத்தாளிலிருந்து நடுநிலையாக்கலையும் எடுத்தால் இந்த இடத்தில் மாட்டுவீர்கள். இரண்டாவது, காரமும் உப்பும் சேர்ந்தாலே கரைசல் நீர்த்துவிடுகிறது. 10 மி.கி. கரைசலிலிருந்து அதிகபட்சம் சுமார் 8.2 மி.கி. ஜெல்தான் செய்ய முடியும். 10 மி.கி. ஜெல் வேண்டுமென்றால் செரிமானத்தையே மி.லி.க்கு 12 மி.கி.க்கு மேல் தொடங்க வேண்டும்.

பிஎச்சை மீட்டரிலோ பிஎச் தாளிலோ பார்த்து 7.4-க்குக் கொண்டுவாருங்கள். பிஎச் 6-க்கு மேல் பெப்சின் வேலை செய்யாது. 8-ஐத் தொட்டால் மீளாமல் கெட்டுவிடும். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சுழற்றிக் கலக்குங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம், குமிழி புகுந்தால் கடைசிவரை போகாது.

உறைகிறதா என்று அளத்தல்

37 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் திரவம் பாலேறிய வெண்மையாகி, தட்டைச் சாய்த்தாலும் ஓடாமல் நிற்கும். கண்ணுக்கு இது போதும், பதிவேட்டுக்குப் போதாது. 96 குழித் தட்டில் 100 மைக்ரோலிட்டர் விட்டு, 37 டிகிரிக்குச் சூடான பிளேட் ரீடரில் 405 நானோமீட்டரில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி உறிஞ்சலை எடுங்கள். எஸ் வடிவில் ஏறும் வளைகோட்டில் பாதி உயரத்தைத் தொடும் நேரத்தைக் குறித்து வையுங்கள். லாட்டுக்கு லாட் ஒப்பிட இதைவிட மலிவான, நேர்மையான எண் கிடையாது.

ரியோமீட்டர் (பாயும், விறைக்கும் தன்மையை அளக்கும் கருவி) இருந்தால் 10 டிகிரியில் மாதிரியை வைத்து, ஓரத்தைச் சுற்றி மினரல் ஆயில் தடவி உலராமல் காத்து, 37-க்கு உயர்த்திச் சிறு அலைவில் விறைப்பைக் காட்டும் ஸ்டோரேஜ் மாடுலஸைப் பாருங்கள். இவ்வகை ஜெல்கள் பத்து முதல் சில நூறு பாஸ்கல் வரைதான் நிற்கும். செறிவைக் கூட்டினால் ஏறும். இதயத் தசையின் விறைப்பு கிலோபாஸ்கல் கணக்கு. இதயத்திலிருந்து செய்த ஜெல் இதயத்தின் விறைப்பைத் தரும் என்று நினைத்துச் சோதனையைத் திட்டமிடாதீர்கள். அது தருவது வேதியியல், இயந்திர வலுவை அல்ல. விறைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் ஜெனிபினோ டிரான்ஸ்குளூட்டமினேஸோ கொண்டு குறுக்குப் பிணைக்கலாம். அப்படிச் செய்தால் செல்கள் ஜெல்லை அரித்து வழி செய்துகொள்வது கடினமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செல் சேர்த்தல்

மேலே சொன்ன 10 மி.லி. கணக்கில் மி.லி.க்கு 5 லட்சம் செல் வேண்டுமென்றால், 50 லட்சம் செல்லை 1 மி.லி. குளிர்ந்த மீடியத்தில் கலந்து, பிபிஎஸ்ஸை 2.73-லிருந்து 1.73 மி.லி.யாகக் குறையுங்கள். நடுநிலையாக்கி, பிஎச் சரிபார்த்து முடித்த பிறகே செல் உள்ளே போக வேண்டும். அகன்ற முனையுள்ள டிப்பால் மெதுவாகக் கலந்து குழிகளில் ஊற்றி இன்குபேட்டரில் வையுங்கள். உறைவதற்குள் செல்கள் அடியில் படியும்; முதல் சில நிமிடத்தில் உறையத் தொடங்கியதும் தட்டைக் கவிழ்த்து, மறுபடி திருப்பி வைத்தால் பரவலாக நிற்கும். முழுதாக உறைந்த பிறகுதான் மேலே மீடியம், அதுவும் குழியின் சுவர் வழியாக.

ஆர்கனாய்டு (உறுப்பை ஒத்த குட்டிச் செல்திரள்) என்றால் 24 குழித் தட்டில் 40 அல்லது 50 மைக்ரோலிட்டர் சொட்டுகளாகக் குவிமாடம்போல் விடுங்கள். பன்றிக்குட்டியின் சிறுகுடல் மியூகோசாவிலிருந்து செய்த ஜெல்லில் மனித ஆர்கனாய்டுகள் வளர்வதை 2019-ல் ஜியோபே குழுவினர் காட்டியது, மேட்ரிஜெல்லைக் கைவிட முடியும் என்ற நம்பிக்கைக்கு வலுவான சான்று.

ஃபைப்ரோபிளாஸ்ட் போட்டால் ஓரிரு நாளில் ஜெல் சுருங்கிச் சுவரிலிருந்து விலகும். அது செல் ஆரோக்கியமாக இருப்பதன் அடையாளம். ஆனால் செறிவும் விறைப்பும் மாறிவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். செல்லைத் திரும்ப எடுக்க டிரிப்சின் போதாது, கொலாஜினேஸ் வேண்டும். உயிருள்ள செல்லை அளக்கும் எம்டிடி சோதனையின் ஊதாப் படிகங்கள் ஜெல்லுக்குள் சிக்கும். கரைய நேரம் கொடுங்கள்.

டிஎன்ஏ அளந்து செல் பெருக்கம் காட்டுபவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 100 மைக்ரோலிட்டர் ஜெல்லில் 0.6 மி.கி. ஈசிஎம். அளவுகோலின் விளிம்பில் 50 நானோகிராம் என்றால் அதில் பன்றியின் டிஎன்ஏ மட்டும் 30 நானோகிராம். ஒரு மனித செல்லில் சுமார் 6.6 பிகோகிராம் என்பதால், இது ஏறத்தாழ 4,500 செல்லுக்குச் சமம். நீங்கள் விதைத்தது 50,000. செல் இல்லாத ஜெல்லை ஒவ்வொரு நாளும் பக்கத்தில் வைத்துக் கழிக்காவிட்டால் அந்தப் பிழை அப்படியே முடிவில் ஏறும்.

ஒப்பீட்டுக் குழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மட்டும் போதாது. அதே செறிவில் முதலாம் வகைக் கொலாஜன் ஜெல் ஒன்று, பொடி இல்லாமல் பெப்சினும் அமிலமும் மட்டும் நடுநிலையாக்கிய கரைசல் ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் வந்த விளைவைத் திசுவின் விளைவு என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன். பெப்சின் துண்டுகளே சில செல்களைத் தூண்டிவிடும்.

உறையாவிட்டால்

வரிசையாகப் பாருங்கள். பிஎச் 7-க்குக் கீழே இருக்கிறதா? பத்து மடங்கு பிபிஎஸ்ஸுக்குப் பதிலாக ஒரு மடங்கு போய்விட்டதா? இன்குபேட்டர் உண்மையிலேயே 37 டிகிரியா, தட்டின் அடி சூடேற நேரம் கொடுத்தீர்களா? செறிவு 3 மி.கி.க்குக் கீழே இறங்கிவிட்டதா? இவையெல்லாம் சரி என்றால் பொடியில்தான் கோளாறு: சூடுபட்டு ஜெலட்டினாகியிருக்கலாம், எஸ்டிஎஸ் மிஞ்சியிருக்கலாம், கொழுப்பு மிஞ்சியிருக்கலாம். எதிர்மாறாக ஐஸ் மேலேயே திட்டுத் திட்டாக உறைந்தால், காரம் ஓரிடத்தில் குவிந்து விழுந்திருக்கிறது அல்லது பிபெட் டிப் அறை வெப்பத்தில் இருந்திருக்கிறது. மீந்த செரித்த கரைசலைச் சிறு பங்குகளாக உறையவையுங்கள். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.

உடலுக்குள் போவதென்றால்

ஆய்வகத் தட்டிலிருந்து விலங்குக்குப் போக இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். அடுத்தது என்டோடாக்சின், அதாவது பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் நச்சு. மருத்துவக் கருவிகளுக்கு அமெரிக்காவின் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வைத்திருக்கும் வரம்பு ஒரு கருவிக்கு 20 என்டோடாக்சின் யூனிட்; குடலும் சிறுநீர்ப்பையும் பாக்டீரியா தொட்ட உறுப்புகள் என்பதால் இந்த எண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது கிருமி நீக்கம். ஜெல்லை வடிகட்ட முடியாது, ஆட்டோகிளேவ் செய்ய முடியாது. பொடியிலோ உலர் தாளிலோ காமாக் கதிரோ எத்திலீன் ஆக்சைடோ கொடுக்கலாம். காமா அதிகமானால் கொலாஜன் அறுந்து ஜெல் தளரும். கிருமி நீக்கிய பிறகு உறைதல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பன்றித் திசுவில் ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரைக் குறியும் உண்டு. மனித ரத்தத்தில் அதற்கெதிரான ஆன்டிபாடி இயல்பாகவே இருப்பதால் அது எவ்வளவு மிஞ்சியது என்று தனியே அளக்கிறார்கள்.

மனிதரிடம் வரை போன ஜெல்லுக்குக் கண்கூடான உதாரணம் வென்ட்ரிஜெல். கிறிஸ்ட்மன் குழுவின் பன்றி இதய ஜெல்லை, மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமான 15 பேருக்குக் கதீட்டர் வழியாக உள்ளிருந்து இதயச் சுவரில் செலுத்திய முதல்கட்ட ஆய்வு 2019-ல் வெளியானது. பாதுகாப்பானதா, செய்ய முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. பயனை நிறுவும் ஆய்வு அல்ல. அதற்கு முன் அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல், உடல் சூட்டில் இருக்கும் நீண்ட கதீட்டருக்குள்ளேயே உறைந்து அடைக்காத, ஆனால் திசுவுக்குள் போனதும் உறையும் ஜெல். நடுநிலையாக்கிய திரவத்தை மறுபடி உலர்த்தி வைத்து, தேவைப்படும்போது கிருமியற்ற நீர் மட்டும் விட்டுக் கரைக்கும் முறையையும் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். மருத்துவமனையில் யாரும் காரம் சொட்டிக்கொண்டிருக்க முடியாதே. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றிப் பித்தப்பையின் ஈசிஎம்மிலிருந்து உருவாக்கிய கொலிடெர்ம் என்னும் காயச்சவ்வு, மிக உயர்ந்த அபாய வகுப்பான டி பிரிவில் 2023-ல் இந்திய ஒப்புதல் பெற்றது. அது ஜெல் அல்ல, தாள்; ஆனால் திசு வாங்குவது முதல் கோப்பு தாக்கல் வரையான பாதை ஒன்றுதான்.

விலங்கில் செலுத்தும்போது சிரிஞ்சை ஐஸில் வைத்து, ஊசி உள்ளே போனதும் மெதுவாகத் தள்ளி, ஜெல் உறையச் சில நொடி ஊசியை அப்படியே பிடித்துப் பிறகு உருவுங்கள்; உடனே உருவினால் வந்த வழியே திரும்பிவரும். குறுக்குப் பிணைக்காத ஜெல் சில வாரங்களில் கரைந்து போய்விடும். குணமாதலைத் திசைதிருப்புவது முதல் நாள்களில் உள்ளே வரும் மேக்ரோஃபேஜ் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள். அழற்சியைக் கூட்டும் வகையிலிருந்து திசுவைச் சீராக்கும் வகைக்கு அவை மாறுகின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது. நாலாவது வாரத்தில் மட்டும் திசு எடுத்தால் அந்தக் கட்டம் முடிந்திருக்கும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் விலங்குகளை ஒதுக்கியே நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுங்கள்.